இடது கை இல்லை, வலது கை: ஒரு சந்தாதாரரின் புகார்

அனுப்புநர்: மாதச் சந்தாவைத் தேதி தவறாமல் கட்டிவரும் ஒரு வாடிக்கையாளர், மயிலாடுதுறை.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், தங்கள் தொலைக்காட்சி நிறுவனம், சென்னை.

பொருள்: ஞாயிறு இரவு 9 மணிக்குத் தமிழில் ஒளிபரப்பான, கிடார் கலைஞர் டோனி அயோமி பற்றிய ஆவணப்படம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசியில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை உங்கள் சேவை எண்ணில் தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, இருபது நிமிடம் காத்திருப்பு இசையைக் கேட்டபின் (அதிலும் கிடார் இல்லை) ஒரு பெண் பேசினார். "நிகழ்ச்சியில் இடது கை என்று சொல்லிவிட்டீர்கள் அம்மா, அது வலது கை" என்றேன். "சவுண்ட் வரலீங்களா சார்? பாக்ஸை ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணிப் பாருங்க" என்றார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் என் குறைக்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். அதனால் தாளில் எழுதுகிறேன்.

நாங்கள் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து கிடார்காரருக்காக ஏன் சண்டைக்கு வருகிறார் என்று நினைப்பீர்கள். 1979இல் கல்லூரியில் என்னோடு படித்த கூத்தாநல்லூர்ப் பையனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரும் ஐந்தாறு கேசட்டுகளும் கொண்டுவந்தார். அதில் ஒன்று அயோமியின் குழுவான பிளாக் சப்பாத். முதல் தடவை கேட்டபோது பேட்டரி தீர்ந்துபோய் இழுக்கிறது என்றுதான் நினைத்தோம். பேட்டரி மாற்றியும் அப்படியேதான் இருந்தது. அன்று பிடித்த பைத்தியம். அப்புறம் நாங்கள் ஒரு மெல்லிசைக் குழு வைத்து சீர்காழி, பூம்புகார், தரங்கம்பாடி என்று கோயில் திருவிழாக்களில் வாசித்தோம். மேடையில் சினிமாப் பாட்டு, ஒத்திகையில் அயோமி. என் நண்பன்தான் குழுவில் கிடார். நான் காங்கோ தட்டிக்கொண்டிருந்தேன்.

1986இல் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் அவனுடைய இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று. கிடாரில் கம்பியை அழுத்திக் கார்டு பிடிக்கிற கை. கிடாரை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்தான். பல வருடம் கழித்து ஏதோ ஒரு பத்திரிகையில் அயோமிக்கும் இதே மாதிரி நடந்தது என்று படித்துவிட்டு, திருச்சிக்கு ஓடிப் போய் அவனிடம் சொன்னேன். "ஆறுதலுக்குச் சொல்றே, விடுடா" என்றான். இன்றுவரை அவன் நம்பவில்லை. ஒரு வாரமாக உங்கள் முன்னோட்டத்தில் அயோமி தன் விரல்களுக்குப் போடும் உறைகளைக் கையில் வைத்துக் காட்டும் இரண்டு வினாடிக் காட்சியைப் பார்த்ததும், சேனலைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தேன். அவனை வரச் சொன்னேன். ரயிலேறி வந்தான்.

ஞாயிறு இரவு என் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர். நாங்கள் இரண்டு பேர், பழைய குழுவில் மிச்சமிருக்கும் இரண்டு பேர், சர்ச்சில் கிடார் வாசிக்கும் ஒரு தம்பி, எங்கள் தெருத் தவில்காரர், அவருடைய பேரன். என் மனைவி இரண்டு தடவை காபி போட்டதோடு சரி, எண்ணிக்கையில் சேர மறுத்துவிட்டாள்.

படத்தில் நடந்தது இதுதான். அயோமி 1948இல் பர்மிங்காமில் பிறந்தவர். இடக்கை வாசிப்பாளர். அதாவது இடது கையால் மீட்டி, வலது கையால் கம்பியை அழுத்துவார். 1965இல், 17 வயதில், உலோகத் தகடு ஆலையில் அவருக்கு அது கடைசி வேலை நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே விரும்பவில்லை. அம்மாதான் எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். பழக்கமில்லாத பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. உங்கள் தமிழ்க் குரல் கம்பீரமாகச் சொன்னது: "அச்சு இயந்திரத்தில் சிக்கி இடது கை விரல்களை இழந்தார்."

அச்சு இயந்திரமா? தகடு ஆலையில் கல்யாணப் பத்திரிகையா அடித்துக்கொண்டிருந்தார்கள்? பிரஸ் என்றால் அச்சகம் மட்டும்தான் என்று நினைக்கும் ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார். என் நண்பன் ஒன்றும் பேசாமல் தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

இடது கைக்கு வருகிறேன். சர்ச் தம்பி அப்போதே பிடித்துவிட்டான். "அங்கிள், முன்னோட்டத்துல போட்டோவைத் திருப்பிப் போட்டிருக்காங்க. எஸ்ஜி கிடாரோட குமிழ்கள் எல்லாம் தப்பான பக்கம் இருக்கு பாருங்க" என்றான். பார்த்தால் உண்மைதான். உங்கள் லோகோவுக்கு இடம் வேண்டும் என்று படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பியிருக்கிறீர்கள். அவர் வலக்கைக்காரர் ஆகிவிட்டார். வசனம் எழுதியவர் அந்தப் படத்தைப் பார்த்து இடது கை என்று எழுதிவிட்டார். என் ஊகம்தான். அல்லது ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டோடு குழப்பிக்கொண்டீர்களோ என்னவோ. விபத்துக்குப் பிறகு மனம் உடைந்திருந்த அயோமிக்கு ஆலை மேலாளர் கொண்டுவந்து கொடுத்தது ஜாங்கோவின் இசைத்தட்டு. 1928இல் தீ விபத்தில் ஜாங்கோவுக்கு முடங்கியது இடது கையின் இரண்டு விரல்கள். அவருக்கு இடது, இவருக்கு வலது. மீட்டுகிற கையில் நுனி போனால் பிக்கைப் பிடித்துச் சமாளிக்கலாம். கம்பியை அழுத்துகிற கையில் போனால் வாசிப்பே போயிற்று. கை மாறினால் கதையே மாறிவிடுகிறது, ஐயா.

மற்றதெல்லாம் சில்லறை. குழுவின் பெயரை "கறுப்பு ஓய்வுநாள்" என்று மொழிபெயர்த்ததற்கு சர்ச் தம்பி சிரித்துப் புரையேறி வெளியே போய்விட்டு வந்தான். அவர்கள் இசை வகையான ஹெவி மெட்டலை "கன உலோகம்" என்றீர்கள். ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால் செய்தித்தாளில் வருமே, அந்தக் கன உலோகம். அதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அவர் வாசிக்கும்போதும் உங்கள் குரல்காரர் பேசிக்கொண்டே இருந்தாரே, அது என்ன நியாயம்? கிடார் அடங்கி எங்கோ பின்கட்டில் ஒலிக்க, மேலே வர்ணனை. நாதஸ்வரக் கச்சேரியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மொய் எழுதியவர் பெயரை வாசிப்பது மாதிரி இருந்தது. ரிமோட்டில் மொழிப் பொத்தானை அழுத்தினேன். தமிழும் இந்தியும்தான் வந்தன. ஆங்கில ஒலி இல்லை.

இனி விளம்பரம். ஆலை விபத்து, ஆஸ்பத்திரி, இனி கிடாரை மறந்துவிடு என்று சொன்ன டாக்டர்கள், ஜாங்கோவின் இசைத்தட்டு எல்லாம் வந்தது. அடுத்து அயோமி ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். என் நண்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். அங்கே வெட்டினீர்கள். நகைக்கடன், பிரியாணி மசாலா, மறுபடி நகைக்கடன், உங்கள் சேனலின் அடுத்த வார நிகழ்ச்சி, சிமெண்டு, மூன்றாம் தடவையாக அதே நகைக்கடன். திரும்பி வந்தபோது அவர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைக் கடைசிவரை காட்டவில்லை. குரல்காரர் மட்டும் "விரலில் மோதிரம் அணிந்து வாசித்தார்" என்று ஒரு வரி சொன்னார்.

"பாத்தியா, மோதிரமாம். நான்தான் சொன்னேனே" என்றான் நண்பன்.

மோதிரம் இல்லை என்று அவனுக்குச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூட்டுக்கோலால் துளை போட்டு, விரலுக்குப் பொருந்தும்வரை தேய்த்து, கம்பியில் வழுக்காமல் இருக்கப் பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டிக்கொண்டார் அந்த மனிதர். கனத்த கம்பியை அழுத்த முடியாததால் பான்ஜோவின் மெல்லிய கம்பிகளை மாட்டிப் பார்த்தார். இதை நீங்கள் காட்டியிருந்தால் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நான் சொன்னால் அது மறுபடியும் ஆறுதல் வார்த்தைதானே.

இந்த இடத்தில் தவில்காரர் செய்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் காலை முகூர்த்தம் என்பதால் பையோடு வந்திருந்தார். அதிலிருந்து தன் கூடுகளை எடுத்து வைத்தார். அரிசி மாவுப் பசையில் துணியைச் சுற்றிக் காயவைத்து, கல் மாதிரி இறுகிப்போன கூடு. தவிலின் வலந்தலையை வெறும் விரலால் அப்படி அடித்தால் விரல் கிழிந்துவிடும். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலத்துக்கு முன்னாலிருந்தே இந்த மண்ணில் வலது கை விரல்களில் கூடு மாட்டித்தான் வாசிக்கிறார்கள். "வெள்ளைக்காரர் பிளாஸ்டிக்குல பண்ணினார், நாம மாவுல பண்றோம். இதுல நம்பாம இருக்க என்னண்ணே இருக்கு?" என்று ஒன்றை என் நண்பனின் விரலில் மாட்டினார். பெரிய விரலுக்குச் செய்தது, இவன் விரலில் லொடலொடவென்று ஆடியது. ஆனாலும் உடனே கழற்றவில்லை அவன்.

பிற்பகுதியில் இன்னொரு தவறு. அயோமி "கிடாரின் சத்தத்தைக் குறைத்தார்" என்றீர்கள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். உலகத்திலேயே சத்தத்தைக் குறைக்காத ஒரே ஆள் அவர்தான். குறைத்தது சுருதியை. கம்பியைத் தளர்த்தினால் அழுத்துவதற்கு வலி குறையும். அந்தத் தளர்ச்சியே கனமான நாதமாக வந்து நின்றது. 1971இல் வந்த மூன்றாம் ஆல்பத்தில் சில பாட்டுகளில் கிடாரை மூன்று அரைச்சுரம் இறக்கியிருக்கிறார். எங்கள் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. பேட்டரி இழுக்கிறது என்று 1979இல் நாங்கள் நினைத்தது இதைத்தான். தவில்காரர் சட்டென்று சொன்னார்: "நம்ம ராஜரத்தினம் பிள்ளை பண்ணினதுதானே!" நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை இங்கிருந்து பக்கம்தான். குட்டையான திமிரி நாயனத்தின் உச்சச் சுருதி வேண்டாமென்று, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீண்ட பாரி நாயனத்தைச் செய்ய வைத்துச் சுருதியை இறக்கியவர் அவர். 2022இல் புவிசார் குறியீடு வாங்கியது அந்த ஊர் நாயனம்தான். வசனத்தை ஒலிப்பதிவுக்கு முன்னால் எங்கள் பக்கத்து எந்த மேளக்காரரிடம் காட்டியிருந்தாலும், சத்தம் வேறு சுருதி வேறு என்று திருத்திக் கொடுத்திருப்பார். காசுகூட வாங்கியிருக்க மாட்டார்.

விளம்பர நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன். (ஓய்வு பெற்ற தபால்காரன் நான், நேரம் குறிப்பது பழக்கம்.) 9 மணியிலிருந்து 10 மணிவரை 22 நிமிடம். 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளின் ஏழாம் விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் கூடாது. அதிலும் வணிக விளம்பரம் 10 நிமிடம், உங்கள் சொந்த விளம்பரம் 2 நிமிடம். 2021 திருத்தத்தின்படி இப்படி ஒரு புகாருக்குப் பதினைந்து நாளில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும். பத்திரிகையின் நகலை இணைத்திருக்கிறேன். மணமக்கள் பெயரைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.

குறை மட்டுமே சொல்வது முறையில்லை. 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் பழைய நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்ததையும், அடுத்த பதினேழாம் நாள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானதையும் சொன்ன பகுதியில் உங்கள் குரல்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஒன்றரை நிமிடம் நன்றாக இருந்தது. கூடத்தில் யாரும் பேசவில்லை. அவருக்குப் பேசாமல் இருக்கவும் தெரியும் என்பது அதில்தான் தெரிந்தது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சந்தாப் பணத்தைத் திருப்பித் தந்தாலும் தராவிட்டாலும் சரி. "இடது கை", "அச்சு இயந்திரம்", "மோதிரம்", "சத்தம்" இந்த நான்கையும் திருத்துங்கள். வாசிப்பு வரும் இடங்களில் வர்ணனையை நிறுத்துங்கள், முடியாவிட்டால் ஆங்கில ஒலியையாவது கொடுங்கள். முக்கியமாக, அந்தப் பெட்டி திறக்கும் காட்சியை முழுசாகப் போடுங்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ எத்தனை நகைக்கடன் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், 12 நிமிடக் கணக்குக்குள்.

மறுஒளிபரப்புத் தேதியை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்கவும். நண்பன் திருச்சியிலிருந்து வர வேண்டும். தவில்காரர் அவன் விரலுக்கு நூலால் அளவு எடுத்து வைத்திருக்கிறார்; மாவுக் கூடு நன்றாகக் காய நாலு நாள் வெயில் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி. முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்.
(பெயரும் சந்தா எண்ணும் உறையின் பின்பக்கம் உள்ளன.)