கோரைக்குள் ஒரு சத்தம்

வேளச்சேரி, சென்னை
ஜூலை, ஞாயிறு இரவு

பாப்பா,

போட்ஸ்வானாவில் சாமான் வாங்க மாவுன் ஊருக்கு வந்தபோது நீ அனுப்பிய மெயிலை நான் மூன்று முறை படித்துவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். முகாமுக்குத் திரும்பிவிட்டால் மூன்று வாரம் சிக்னல் கிடையாது என்றாயே, அதனால் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பாமல் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். அடுத்த தடவை ஊருக்குள் வரும்போது படித்துக்கொள்.

அம்மா கேட்கச் சொன்னதை முதலில் கேட்டுவிடுகிறேன். விடிகாலைக் குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்கிறாயா? மக்காச்சோளக் களி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? பருப்புப் பொடி மிச்சம் இருக்கிறதா? ராத்திரி கூடாரத்துக்குப் பக்கத்தில் நீர்யானை மேய்ந்ததை மட்டும் நான் அவளுக்கு வாசிக்கவில்லை.

நீங்கள் கணக்கெடுக்கும் முறையை விவரித்திருந்தாயே, அந்த இடத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஜீப் ஒரே கோட்டில் மெதுவாகப் போகும், விலங்கு தெரிந்தால் நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம், திசைகாட்டியில் கோணம். லெச்வே மான் கூட்டம் 140 மீட்டரில், பாதையிலிருந்து 30 டிகிரியில் நின்றால் கோட்டுக்குக் குறுக்காக 70 மீட்டர். பாப்பா, 28 வருஷம் சர்வேயராக நான் செய்ததும் இதுதானே! என் மகள் என் தொழிலுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்து நீ எழுதியது எனக்குப் புதுசு. கோட்டின் மேலேயே இருப்பது கண்ணுக்குத் தப்பாது, தள்ளிப் போகப் போகத் தப்புவது கூடும், எவ்வளவு தூரத்தில் எத்தனை தப்புகிறது என்பதை அந்தத் தூரங்களை வைத்தே கணக்கிட்டு மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுவோம் என்றாய். பார்க்காமல் விட்டதையும் சேர்த்துக்கொள்கிற அளவு. என் தொழிலில் அது இல்லை. நாலு கல்லுக்கு நடுவில் இருப்பதுதான் கணக்கு.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ரொம்ப நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது. தொண்ணூறுகளில் வேளச்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே பள்ளிக்கரணைக் கழுவேலிச் சதுப்பு ஓரமாக நான் நிறைய லேஅவுட் அளந்து கொடுத்திருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் மட்டம் பார்க்கும் ஸ்டாஃப் கம்பைப் பிடிக்க ஆளை நிறுத்துவோம். கோரையை வெட்டி வழி செய்துதான் அளவுச் சங்கிலி இழுப்போம், உள்ளே இருந்து பறவைகள் குபீரென்று எழும்பும். எந்த ஸ்கெட்சிலும் அதைக் குறிக்க இடம் இல்லை. அளந்து கொடு என்றார்கள், கொடுத்தேன்.

2015 டிசம்பரில் நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது நீ பத்தாவது படித்தாய். மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, "முன்னாடி இந்தத் தண்ணியெல்லாம் எங்கப்பா போகும்?" என்று கேட்டாய். மட்டம் பார்க்கத் தெரிந்த எனக்கு விடை தெரியும். சுற்றிலும் உள்ள ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணையில் இறங்கும், அங்கே நின்று நிதானமாக ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைச் சேரும். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேரை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் அதைப் போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. போனதில் நான் நட்ட கல்லும் உண்டு.

அதனால்தான் நீ இருக்கும் ஒக்கவாங்கோ ஆற்றுச் சதுப்பைப் பற்றி நீ எழுதுவதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடிவதில்லை. அங்கோலா மேட்டில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, அங்கே மழையே இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வெள்ளமாக விரிகிறது. கடலுக்குப் போகாமல் கலஹாரி மணலிலேயே முடிந்துவிடுகிறது. கரையான் புற்றில் மரம் முளைத்துத் தீவாகிறது, அந்த மரங்கள் வேரால் தண்ணீரை இழுக்க இழுக்க உப்பெல்லாம் தீவின் நடுவே மண்ணுக்கடியில் தங்கிவிடுகிறது, சுற்றியுள்ள தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கிறது என்றாய். யாரும் மட்டம் பார்க்காமல், வாய்க்கால் வெட்டாமல்! டீக்கடையில் நாலு பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அந்த ஊர்ப் பணத்தின் பெயர் 'பூலா', அதற்கு மழை என்று அர்த்தம் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. 2019 கோடையில் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு ராத்திரி இரண்டு மணிக்கு நின்றவள் அவள்.

உங்களுக்குத் தடம் பார்த்துச் சொல்லும் பெரியவரைப் பற்றி இன்னும் எழுது. மணலில் பதிந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தே காட்டுநாய்க் கூட்டம் ராத்திரி போனதா விடிந்து போனதா என்று சொல்கிறாராமே. எனக்கு நம் செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்பு பிடிக்கும் இருளர்கள் நினைவு வந்தது. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃப்ளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. உன் அறிக்கையில் அந்தப் பெரியவரின் பெயர் வர வேண்டும், பாப்பா. 'உள்ளூர் வழிகாட்டி' என்று போட்டு முடித்துவிடாதே. என் வரைபடங்களில் சங்கிலி பிடித்தவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை, அதில் ஒருவர் பெயர் இப்போது எனக்கே மறந்துவிட்டது.

யானை விஷயத்தில் நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள், 2014-ல் வேட்டைக்குத் தடை போட்டார்கள், 2019-ல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது தவறு என்பது உன் கட்சி. இருக்கட்டும், எனக்கும் யானையைச் சுடுவது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒரு ராத்திரியில் ஒரு வருஷத்துச் சோளத்தைப் பறிகொடுத்தவர் வீட்டுத் திண்ணையிலும் ஒருநாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுது. மிளகாயை யானைச் சாணத்தில் பிசைந்து காயவைத்து, வயலோரம் கொளுத்திப் புகை போடுகிறார்கள் என்றாயே, அந்த ஜனங்கள் யானையை விரட்டத்தான் பார்க்கிறார்கள், கொல்ல இல்லை. "நம்ம வீட்ல திருஷ்டி சுத்திப் போடற மாதிரி" என்றாள் அம்மா.

உன் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட மேடவாக்கம் மனையை விற்று, மிருகம் எண்ணவா அனுப்பினாய் என்று உன் சித்தப்பா இன்னும் கேட்கிறார். ஆமாம் என்றுதான் சொல்கிறேன். அந்த மனை இதற்குப் போனதில் எனக்கு நிம்மதி. படிப்பு முடிந்து நீ எங்கே வேலை பார்ப்பாய் என்று நான் கேட்க மாட்டேன், அம்மா கேட்டாலும் பொறுத்துக்கொள்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு பழைய ஃபீல்டு புக்கை எடுத்துக்கொண்டு ரேடியல் ரோடுக்குப் போனேன். சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். கூழைக்கடா 17, நத்தைகுத்தி நாரை 9, நீலத் தாழைக்கோழி 22. தூரம் கண் மதிப்புதான், ஆனால் என் கண் மதிப்பு அவ்வளவு பிசகாது. ரோட்டோரமே நடந்தால் அது சரியான கோடாகாது என்று நீ சொல்வாய், தெரியும். வேறு வழியை நீ சொல். இன்னொன்று, திரும்பி வரும்போது கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிஷம் நின்றேன், வெளியே வரவில்லை. அதற்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதை எப்படிக் குறிப்பது?

அப்பா