பிக் பேண்ட் போரோடு முடிந்துவிடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜாஸ் கட்டுரையை ஆசையோடு படித்தேன். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றிய பகுதி அருமை. ஆனால், இரண்டாம் உலகப் போரோடு பிக் பேண்ட் எனப்படும் பெரிய ஜாஸ் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறார் கட்டுரையாளர். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெருக்கடி இருந்தது உண்மை. பதினைந்து, பதினாறு பேரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சம்பளம் கொடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. பியானோ வாசித்தபடியே பெருங்குழு நடத்திய கவுண்ட் பேஸியே 1950-ல் குழுவைக் கலைத்துவிட்டுச் சில பேரோடு மட்டும் வாசித்துவந்தார். ஆனால் 1952-ல் மறுபடியும் முழுக் குழுவைத் திரட்டிவிட்டார். அந்தக் குழு 1957 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டை ஒருமுறை கேட்டுவிட்டு அந்த வரியை யாராலும் எழுத முடியாது. 'பேஸி' என்ற பெயரில் வெளிவந்து, பிறகு 'தி அடாமிக் மிஸ்டர் பேஸி' என்று நிலைத்துவிட்ட தட்டு அது. அட்டையில் அணுகுண்டுப் புகைமேகம். ஹிரோஷிமாவுக்குப் பிறகு அந்தப் படத்தை எப்படி அச்சிட மனம் வந்ததோ! உள்ளே இருக்கும் இசைக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

பதினொரு உருப்படிகள். அத்தனையையும் எழுதி, எந்த வாத்தியத்துக்கு என்ன என்று பிரித்துக் கொடுத்தவர் நீல் ஹெஃப்டி. எட்டி 'லாக்ஜா' டேவிஸின் டெனர் சாக்ஸபோன் பாயும் வேகமான உருப்படிகள் தட்டில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் நான் ஆசிரியரைக் கேட்கச் சொல்வது கடைசியில் வரும் 'லில் டார்லின்'. ஹெஃப்டி இதைக் கொஞ்சம் விறுவிறுப்பான நடையில்தான் எழுதியிருந்தார். நடையை இவ்வளவு தளர்த்தியவர் பேஸி. இத்தனை மெதுவான நடையில் ஒரு பெருங்குழுவைக் கட்டி மேய்ப்பது சாதாரண வேலையா? ஒருவர் சற்று முந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும். இங்கே அத்தனை பேரும் தாளத்துக்கு இம்மியளவு பின்னால் சாய்ந்து, ஒரே மூச்சில் ஊதுகிறார்கள். வெண்டல் கல்லி அடைப்பு வைத்த டிரம்பெட்டில் தனியாக வாசிக்கும் இடத்தில் ஒரு சுரம்கூட அதிகம் இல்லை.

இத்தனையையும் தாங்கிப்பிடிப்பது ஃப்ரெடி கிரீனின் கிட்டார். 1937-லிருந்து பேஸியோடு இருந்தவர். ஆம்ப்ளிஃபையர் கிடையாது, தனி ஆவர்த்தனம் கேட்டதும் இல்லை. ஆவர்த்தனத்துக்கு நான்கு மீட்டு, அவ்வளவுதான். பித்தளை வாத்தியங்கள் முழங்கும்போது அது காதில் விழாது. அவை ஓய்ந்ததும், அதுவரை எதன்மேல் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது புரிந்துவிடும். ஸ்விங் என்கிற அந்தத் துள்ளல் நடை என்றால் வேகமும் ஆரவாரமும் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கிட்டாரைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

1959-ல் முதன்முதலாக கிராமி விருதுகள் கொடுத்தபோது ஜாஸ் குழுவுக்கான விருது, நடன இசைக்குழுவுக்கான விருது இரண்டுமே இந்தத் தட்டுக்குத்தான் போயின. முடிந்துபோன காலத்துக்கு அஞ்சலியாகக் கொடுத்தவை அல்ல அவை.

தனி வாசிப்பில் பேர்வாங்கிய மேதைகளைப் பற்றியே தொடர்ந்து எழுதுகிறீர்கள். நீல் ஹெஃப்டி போல மேடையில் முகம் தெரியாமல் தாளில் குழுவை வடித்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி