பிரிண்டர் ரிப்பேர்

திருப்பூர்
ஞாயிறு மதியம்

செல்வி,

பொங்கலுக்குப் போட வேண்டிய கடிதத்தை ஆடியில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டிவிட்டு மேலே படி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் ஒன்பதாவது வந்துவிட்டான். கணக்கில் உன்னை மாதிரி, அதாவது வராது.

வெள்ளிக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசிங்கில் ஒரு பொண்ணு, இப்போது ஐந்து மாசம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவளா எழுதிக் கொடுத்த மாதிரி ரெண்டு வரி அடிச்சு வைம்மா" என்றார். மேஜையில் காலண்டரிலிருந்து கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில் 24 x 6 = 144. எனக்குக் கோபம் வரவில்லை, செல்வி. பெருக்கல் சரியா என்றுதான் முதலில் பார்த்தேன். இத்தனை வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்ததில் மிஞ்சியது இதுதான்.

வயிற்றுப்பிள்ளைக்காரியை வேலையை விட்டு எடுக்க முடியாது, சட்டம் விடாது. அதனால் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று அவளே எழுத வேண்டும்! இதில் என் பங்கு என்ன தெரியுமா? சம்பளம் 21,000 வரை இருந்தால் பிரசவ காலப் பணத்தை இ.எஸ்.ஐ., அதுதான் தொழிலாளர் காப்பீடு, கொடுத்துவிடும். அதற்கு மேல் போனால் 26 வாரமும் முதலாளி கையிலிருந்துதான். அந்தத் தாளில் இருந்த 24 ஆயிரம், ஆறு மாசக் கணக்கு அதுதான். 20,500 வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு இன்கிரிமென்ட் போடச் சொல்லிப் போன வருஷம் அடம்பிடித்தவள் நான்தான். நல்லது செய்யப் போய் வினையாகிவிட்டது.

முதலாளியை முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து மூன்று மாசமாகப் பணம் வரவில்லை. உங்கள் ஸ்கூல் டீச்சர்களுக்கு 2021-லிருந்து ஒரு வருஷம் லீவு, அரசாங்கம் கொடுக்கிறது. இங்கே எல்லாம் ஒரே ஆள் தலையில். அதற்காக இப்படியா? சட்டத்தில் 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் தினம் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். நாங்கள் எத்தனை பேர் தெரியுமா? 49. வருஷக்கணக்காக 49. ஐம்பதாவது ஆளைக் கான்ட்ராக்டர் பெயரில் எழுதுகிறவள் நான்.

2012 ஞாபகம் இருக்கிறதா? பிரசவ லீவு உனக்கு ஆறு மாசம், எனக்கு 12 வாரம். 85-ஆம் நாள் ஆபீஸில் இருந்தேன். நெஞ்சு கட்டிக்கொண்டு, பாத்ரூமில் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பாலைப் பீய்ச்சி ஊற்றினேன். தண்ணியை வீணாக்குகிறேன் என்று பெருக்குகிற அக்கா கதவைத் தட்டினாள். 2017-ல் 26 வாரம் ஆனபோது அந்தக் குழாய்தான் ஞாபகம் வந்தது. அடுத்தவளுக்கு இது இருக்காது என்று நினைத்தேன்.

கடிதத்தை அடித்துவிட்டேன், செல்வி. பிரிண்டும் எடுத்தேன். கைப்பையில் நாலாய் மடித்துக் கிடக்கிறது. பிரிண்டர் ரிப்பேர் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நேற்றுகூட எனக்கு மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தாள்.

உங்கள் சங்கத்தில் லேபர் விஷயம் தெரிந்த வக்கீலம்மா ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவள் நம்பரை அனுப்புடி. இன்றைக்கே. பிரிண்டர்காரன் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறான்.

கோமதி