செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்கிரீனை மூடிவிட்டு நடந்த வருடம்

மும்பைத் தமிழ் டிசைனர்களான உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் நேராக இந்த வருடம் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதற்கு வந்துவிடுகிறேன்.

போன வருடம் வரை நம் மாதக் கூட்டம் எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும். தாராவி அறையில் உட்கார்ந்து, பின்டரெஸ்ட், பிஹான்ஸ் என்ற டிசைன் படத் தளங்களில் பிடித்த படங்களை ஆளுக்குப் பத்து காட்டுவோம், டீ குடிப்போம், கலைவோம். இதை மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் எனக்கே நடந்த ஒரு சங்கதி. ஒரு இனிப்புக் கடைக்கு இரண்டு வாரம் உழைத்து லோகோ போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் போனை எடுத்து வேறு ஊர்க் கடை ஒன்றின் போர்டைக் காட்டினார். அதே வாழையிலை, அதே வளைவு, பச்சை கூட கிட்டத்தட்ட அதேதான். நான் காப்பியடிக்கவில்லை, அந்த டிசைனரும் அடித்திருக்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத் தேடி ஒரே படங்களைப் பார்த்திருக்கிறோம்.

சரி, கூட்டத்துக்குப் பதில் நடக்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் நடை மாட்டுங்கா பூச்சந்து. மல்லிச் சரத்தில் கனகாம்பரம் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிள்ளு மரிக்கொழுந்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஏன் என்று கேட்டோம். "பச்சை நடுவுல இல்லைன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு தெரியும் தம்பி" என்றார். நிறங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை. நம் தங்கை ஒருவர் அந்த வரிசையை மட்டும் எடுத்து, ஒரு பூகூட வரையாமல், வெள்ளை, பச்சை, ஆரஞ்சுக் கோடுகளாலேயே கல்யாணப் பத்திரிகைக்கு பார்டர் போட்டார். இந்த வருடம் நம்மில் வந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம் எழுத்து. மாட்டுங்கா ஸ்டேஷனின் மராத்திப் பெயர்ப் பலகையை நோட்டில் கையால் வரைந்து பார்த்தோம். மராத்தி எழுதும் தேவநாகரி எழுத்து கொடியில் காயப்போட்ட துணி மாதிரி மேல்கோட்டில் தொங்குகிறது, தமிழ் எழுத்து கீழே சம்மணம் போட்டு உட்காருகிறது. ஒரே கடை போர்டில் இரண்டையும் வைக்கும்போது ஏன் தமிழ் இறங்கினாற்போலத் தெரிகிறது என்பது வரைந்த பிறகுதான் புரிந்தது. மும்பை ஏக் டைப் குழுவினர் தேவநாகரிக்கு முக்தா, தமிழுக்கு முக்தா மலர் என்று ஒரே குடும்பமாக எழுத்துரு செய்து இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாடம் அதிலேயே இருக்கிறது. ரூபாய்ச் சின்னத்தை வரைந்த உதயகுமாரும் பவாய் ஐஐடியில் டிசைன் படித்த தமிழர்தான், பராசக்தி என்ற தமிழ் எழுத்துருவை அதற்கு முன்பே செய்தவர். 2010 ஜூலையில் அரசு ஏற்ற அந்தச் சின்னத்தில் தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றாகியிருக்கின்றன, மேலே அதே தலைக்கோடு. எழுத்தோடு வருடக்கணக்கில் பழகிய கைக்குத்தான் அந்தச் சிக்கனம் வரும் என்று நம்புகிறேன்.

மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையில் 1930கள் வாக்கிலான ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டிடங்களையும் ஒரு ஞாயிறு பார்த்தோம். 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீளும் சஜ்ஜா என்ற வெயில் தடுப்பைப் பலர் வரைந்தார்கள், ஆனால் வெயில் ஏறிவிட்டதால் பாதியிலேயே திரும்பினோம். மழையில் இரண்டு நடைகள் நின்றுபோயின. அந்த மாதங்களில் வேறு எதையும் ஏற்பாடு செய்யாதது என் தவறு.

நெட்டில் தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் நோட்டில் நாலு பக்கம் வரைந்துவிட்டு, பிறகு தேடுங்கள்.

அடுத்த நடை வரும் ஞாயிறு, காலை ஆறரை, மறுபடியும் பூச்சந்து. போன் பையில் இருக்கட்டும், பென்சில் எடுத்து வாருங்கள், பூ வாங்க வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள்.