ஓட்டத்தை எப்படி நிறுத்துகிறாய்?

அன்புள்ள மகனுக்கு,

ஓடி முடித்த கையோடு சுவரில் சாய்ந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்தாய். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அது வேறு கதை. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். நின்ற பிறகுதான் வருகிறது என்றால் நீ நிறுத்தும் விதத்தைப் பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. தசைகளுக்குப் போவது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கடுமையாக ஓடும்போது 20 லிட்டரையும் தாண்டலாம்; அதில் 80 சதவீதம் வரை தசைகளுக்கே. வேலை செய்யும் தசையிலிருந்து வரும் அடினோசின், பொட்டாசியம், ரத்தக்குழாய்ச் சுவரில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து அங்குள்ள சிறு தமனிகளை விரித்துவிடுகின்றன. குடலும் சிறுநீரகமும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கின்றன. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் குமட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற, கெண்டைக்கால் தசைதான் பெரிய துணை. சுருங்கும்போதெல்லாம் அது சிரைகளைப் பிழிகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. நீ சட்டென்று நின்றால் பிழிவது நின்றுவிடும், விரிந்த குழாய்களோ உடனே சுருங்காது. ரத்தம் காலில் தேங்கும். இதயத்துக்குத் திரும்புவது குறையும். ரத்த அழுத்தம் இறங்கி மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். அதனால் ஓடி முடித்ததும் 5 முதல் 10 நிமிடம் நட. அப்படியும் இருட்டினால் வீம்புக்கு நிற்காதே, படுத்துக் காலை உயர்த்தி வை. உடனே வெந்நீரில் குளிக்காதே; தோலின் குழாய்களும் விரிந்து அழுத்தம் இன்னும் இறங்கும்.

மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலத்தைத் திட்டுகிறாய். பாவம் அது! ஓடி முடித்து ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக்கிக்கொள்கின்றன, கல்லீரல் ஒரு பகுதியைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. மெதுவாக நடந்தால் இன்னும் சீக்கிரம் குறையும். இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க விடாத வலி, தசை இழைகளில் உண்டான நுண்ணிய சேதத்தாலும் அதைச் சரிசெய்யும் அழற்சியாலும் வருவது. சரிவில் இறங்கி ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதுதான் அதிகம் வலிக்கவைக்கும். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சம், பிறகு தானே அடங்கும்.

எடை தூக்கும் நாளில் அவசரப்படாதே. தசைக்கு நேரடியாக ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் இருப்பில் உள்ளது சில விநாடிக்குத்தான் வரும், அதை உடனுக்குடன் மீண்டும் உண்டாக்கித் தரும் பாஸ்போகிரியேட்டின் இன்னொரு 10 விநாடி போல ஈடுகொடுக்கும். அது பெருமளவு மீள 3 முதல் 5 நிமிடம் ஆகும். மீள்வதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதாவது ரத்த ஓட்டம் வேண்டும். பலமாக இறுக்கிப் பிடித்த தசை தன் குழாய்களையே நசுக்கிக்கொள்ளும் என்பதால், நடுவில் தளரவிடுவதும் பயிற்சியில் சேர்த்திதான். பாரமான எடைக்கு முழுசாக 3 நிமிடம் ஓய்வு கொடு. தூக்கும்போது மூச்சை அடக்காதே, அழுத்தம் எகிறும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மாவுச்சத்து சாப்பிடு. தசையில் சேமித்துவைக்கும் சர்க்கரை இருப்பான கிளைகோஜன் வேகமாக நிரம்புவது அப்போதுதான். முழுதாக நிரம்ப ஒரு நாளாவது ஆகும்.

பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதே. உடைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ.

அன்புடன்,
அப்பா