யாழ்ப்பாணம் புகைப்படக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். இவ்வாண்டு எங்கள் அக்கறை முழுவதையும் இழுத்துக்கொண்டது கழகத்துக்கு வாங்கிய பழைய நிக்கோன் பிபி-4 துருத்தி, அதாவது சிறு பொருட்களைப் பெரிதாக எடுப்பதற்காகக் கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தும், நீட்டிச் சுருக்கக்கூடிய மடிப்புக் கூடு. அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

துருத்தி வந்தவுடன் இருட்டறையில் அதனுள்ளே டோர்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தோம். மடிப்பு மூலைகளில் ஊசிமுனை அளவில் வெளிச்சம் கசிந்தது. கறுப்புத் துணி ஒட்டி அடைத்தோம். பழைய துருத்தி வாங்கும் எவரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

முதலில் படமெடுத்தது, கிணறு வெட்டியபோது வெளிவந்த ஒரு சுண்ணக்கல் துண்டு. குடாநாட்டின் அடியில் கிடக்கும் இக்கல் மயோசீன் காலத்துக் கடற்படிவு. நாங்கள் எடுத்த துண்டில் சிப்பியின் வரிகள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியவாறு பதிந்திருந்தன. 50 மி.மீ. என்லாஜர் லென்ஸை (இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடப் பயன்படும் லென்ஸ்) தலைகீழாகப் பொருத்தி, தொலைதூரத்துக்குக் குவியும் நிலையிலிருந்து 100 மி.மீ. நீட்டினால் 2 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கிறது. லென்ஸ் துவாரத்தின் அளவைக் குறிக்கும் எஃப் எண் கூடினால் துவாரம் சிறிதாகி ஒளி குறையும்; அந்நிலையில் எஃப் 5.6 துவாரம் ஏறத்தாழ எஃப் 17 போலச் செயற்படுகிறது. தெளிவாகத் தெரியும் ஆழமோ கால் மில்லிமீற்றர்தான். எஃப் 16 வரை சுருக்கினால் ஆழம் கூடும்; ஆனால் துவார விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் வரிகள் எல்லாமே மங்கிவிடும். தெளிவு விழும் இடத்தை 0.2 மி.மீ. படிகளாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகள் ஒரே படமாகச் சேரும்படி மென்பொருளில் அடுக்குவதே வழி.

இப்படிகளுக்காக எதை நகர்த்துவது என்பதில் அங்கத்தவரிடையே நீண்ட வாதம் நடந்தது. கமராவையும் லென்ஸையும் சேர்த்துத் தண்டவாளத்தில் நகர்த்தினால் பார்வைப் புள்ளியே இடம்பெயரும். முன்னால் நீட்டிநிற்கும் விளிம்பு பின்னாலுள்ளதை ஒரு படத்தில் மறைக்கும், மறு படத்தில் காட்டும். மென்பொருள் அங்கே குழம்பிப் பேய் நிழல்களை உண்டாக்கும். லென்ஸை அசையாமல் நிறுத்தித் துருத்தியின் பின்பக்கத்தை மட்டும் நகர்த்தினால் படத்தின் அளவு மட்டுமே சற்று மாறும். அதை மென்பொருள் எளிதில் சரிசெய்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. 2 மடங்கில் பொருட்பக்கத்து 0.2 மி.மீ.க்குப் பின்பக்கம் 0.8 மி.மீ. நகரவேண்டும், கையால் திருகுபவருக்கு இது பெரிய வரம். துருத்தியின் உண்மையான பெறுமதி இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

படமெடுக்கையில் மின்விசிறியை நிறுத்தினோம். வெக்கை தாங்கமுடியாததுதான், ஆனால் மேசை அதிர்ந்தால் அடுக்கு முழுவதும் வீண்.

யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது நாணயமொன்றை அங்கத்தவர் ஒருவர் கொண்டுவந்தார். அதில் பொறித்த நந்தியின் புடைப்புத் தெரிவதற்காக அதைச் சரிவாக நிறுத்தி, பிபி-4இன் முன்பக்கத்தைத் திருப்பினோம். 1904இல் தியோடோர் ஷைம்ப்ளூக் காப்புரிமையில் விளக்கிய விதிப்படி, தெளிவாக விழும் தளம் சாய்ந்து நாணயத்தின் முகத்தோடு படிந்தது. அடுக்கவேண்டிய படங்கள் வெகுவாகக் குறைந்தன.

காம்போ அக்டஸ் போன்ற, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பி நகர்த்தக்கூடிய புதிய டெக்னிக்கல் கமரா வாங்கலாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதன் அசைவுகள் இன்னும் நுட்பமானவை. விலையோ எமது நிதிக்கு எட்டாதது. மாரி மழைக்கு முன்னர் லென்ஸ்களில் பூஞ்சணம் பிடிக்காதபடி ஈரம் புகாத அலுமாரியும், கமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தும் அதிராத கனமான கொப்பி ஸ்டாண்டும் வாங்குவதற்குச் சபை அனுமதி தரவேண்டும் என்று முன்மொழிகிறேன்.