மணல் தொட்டியில் ஓர் ஆறு: நன்கொடை வேண்டுகோள்

பெரம்பூர் பகுதிப் பெற்றோருக்கும் படிப்பக வாசகர்களுக்கும் வணக்கம்.

நம் படிப்பகத்தின் பின்கட்டில் மாணவர்களுக்காக ஒரு மணல் தொட்டி அமைக்க இருக்கிறோம். 12 அடி நீளம், 4 அடி அகலம், லேசான சரிவு. மேல்முனையில் தண்ணீர் விட்டால் அது தானே மணலை அரித்து, திட்டுகளாகக் குவித்து, பல கிளைகளாகப் பிரிந்து பிரிந்து சேரும். பிரம்மபுத்திராவும், நேபாளத்திலிருந்து பீகாருக்குள் ஓடிவரும் கோசி ஆறும் பெரிய அளவில் செய்வது இதைத்தான். அவ்வளவு வண்டலைச் சுமந்து வரும் ஆற்றுக்கு ஒரே பாதை போதாது, தடம் மாறிக்கொள்ள அகலம் வேண்டும்.

அதில் மனிதர் கை வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். இருபுறமும் கரை எழுப்பினால், பரவ வழியில்லாத வண்டல் உள்ளேயே படிந்து படுகை உயரும். கோசியின் கரைகளுக்குள் நடந்தது அதுதான். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கரை உடைந்து, ஆறு தன் பழைய தடத்தில் இறங்கியது. பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அன்று ஓடிய நீர், அந்தக் கரைகள் தாங்க வேண்டிய அளவில் கால் பங்குகூட இல்லை.

அப்புறம் மணல் அள்ளுவது. இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. சென்னையில் நாம் குடியிருக்கும் எத்தனையோ வீடுகளில் பாலாற்று மணல் இருக்கிறது. படுகையில் ஆழமாகத் தோண்டினால் பக்கத்துக் கிளைகளின் நீரும் அந்தப் பள்ளத்துக்கே போய்விடும். பள்ளத்தின் விளிம்பு அரித்துக்கொண்டே ஆற்றின் மேல்பக்கமாக நகரும். வழியில் பாலம் இருந்தால் தூண்களின் அடிமண்ணும் போகும். நீரைப் பிடித்து வைத்திருந்த மணல் போனதும் கரையோரக் கிணறுகள் வற்றும். பாடப்புத்தகத்தில் படித்தால் மறந்துபோகலாம். தான் தோண்டிய பள்ளத்தால் தான் வைத்த குட்டிப் பாலமே சாய்வதைப் பார்க்கும் பிள்ளை மறக்காது என்று நம்புகிறோம்.

தொட்டிக்கு ஆற்று மணல் வாங்கப்போவதில்லை, எம்-சாண்டைச் சலித்துப் போடுவோம். ஒரே தண்ணீர் பம்ப் வழியாகத் திரும்பத் திரும்பச் சுற்றும்.

தொட்டி, இரும்புச் சட்டம், பம்ப் எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் ஆகும். குழுவினர் 21,000 போட்டிருக்கிறோம். மீதி 43,000 உங்களிடம் கேட்கிறோம். 100 ரூபாயானாலும் சரி. வெல்டிங் தெரிந்தவர்கள் ஒரு நாள் வந்து உதவினால் கூலிச் செலவு குறையும். ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை படிப்பகத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும், எந்தப் பள்ளி மாணவரும் கட்டணமின்றி வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மணல் தொட்டித் திட்டக் குழு,
பெரம்பூர், சென்னை